தும்பை என்று ஒரு பேர்

டோல்கேட்டில் நான் ஏறின பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் அவள் நாத்தனார்.

"ரோட்டோரம் மொளைக்கிற செடி பேரையா கொயந்தைக்கு வெப்பே? ஊரே ஹர்ஷினி, வர்ஷினின்னு வெச்சிகினு கீது."

"தும்பை சாமிக்கு வெக்கிற பூ, அண்ணி. எனக்கு வலி வந்தப்போ எர்ணாவூரு இட்லிக்கடை தும்பையக்காதான் அடுப்ப அப்டியே உட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சு. இப்போ அது செத்துப்போச்சு. பேராவது இருக்கட்டும்."

எங்கம்மாவைத்தான் சொன்னாள். அம்மா போனதிலிருந்து அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"காதுல பேர் சொல்ல வேண்டிய அத்தைக்காரி நானு. மாட்டேன்னா இன்னா பண்ணுவே?"

"கெஞ்சுவேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "குடு, சொல்லிப் பாக்குறேன்." குழந்தையை வாங்கி, அதன் காதருகே குனிந்தாள்.

"தும்பை."

அந்த நாத்தனாரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, என் ஸ்டாப் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.