பொன்னேரி வரை பிடித்த நரம்பு

"கெட்டியா புடிப்பா, லூசா சுத்துனா மீனே சிரிக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய சாயங்கால ரயில். கதவை ஒட்டிய சீட்டில் கம்பெனி சட்டையோடு இருவர். மீசைக்காரர் தூண்டில் ரீலில் புது நைலான் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரில் கண்ணாடி போட்டவர், நரம்பு ரோலைப் பேனாவில் கோத்து, அது தளராமல் அழுத்திப் பிடித்திருந்தார்.

"மூணு வருசமா பழவேற்காட்டுக்குப் போய்க்கினுகீற. ஒரு மீனாச்சும் மாட்டுச்சா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பெரிய மீனு இழுத்தா இந்த ரீலு கிர்ருனு கத்தும். ஒருநாள் கத்தும் பாரு."

"இதுவரைக்கும் நீதான் கத்திக்கினுகீற."

பொன்னேரி வந்தது. கண்ணாடிக்காரர் பேச்சு சுவாரசியத்தில் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ரோல் அவர் கையிலேயே இருந்தது. சொன்னபடி கெட்டியாகத்தான் பிடித்திருந்தார்.

ரயில் நகர்ந்தது. மீசைக்காரர் கையிலிருந்த ரீல் கிர்ரென்று கத்த ஆரம்பித்தது. நரம்பு கதவு வழியாக ஓடிக்கொண்டே இருந்தது.

"அறுத்து உடு நைனா" என்றார் பக்கத்தில் நின்றவர்.

மீசைக்காரர் ரீலைக் காதருகே கொண்டுபோனார்.

"இரு சார். இப்பதான் மொத தபா கத்துது."