புல்லில் விழுந்த பனி

எங்கள் கடையில் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் வட்டப் புதிர் அதிகம் விற்காது, ஐயா. சதுரமென்றால் மூலையில் ஆரம்பிக்கலாம். வட்டத்துக்கு ஏது மூலை? பொம்மைக் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன், எனக்குத் தெரியாதா.

தம்பிக்கு அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வயரிங் வேலை பார்ப்பவன். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, என் வீட்டில் தங்கித் தேறிக்கொண்டிருந்தான். ஐந்நூறு துண்டு, பூ, பச்சைப் புல், பழுத்த இலை, பனி என்று நான்கு பருவமும் ஒரே வட்டத்தில். "இதை யார் துணையும் இல்லாம முடிச்சிட்டா வீட்டுக்கும் போகலாம், வேலைக்கும் போகலாம்" என்றார் டாக்டர். அவன் பெண்டாட்டி அன்றே போய் அவன் கட்டிலைத் தட்டிப்போட்டு வைத்தாளாம்.

ஒரே மாதத்தில் முக்கால் வட்டம் முடித்துவிட்டான். கெட்டிக்காரன், நான் வளர்த்த பிள்ளை. பனி மட்டும்தான் மிச்சம். அதையும் முடித்து அவன் போய்விட்டால், என் வீட்டில் நான் யாரோடு பேசுவது?

கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஒரே கம்பெனிப் புதிர்களை ஒரே அச்சில் வெட்டுவதுண்டு. படம் மாறும், வெட்டு மாறாது. கடையிலிருந்து இன்னொரு வட்டம் கொண்டுவந்தேன்; முழுக்கப் பனி. அவன் குளிக்கப் போனபோது புல்லில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அதே இடத்துப் பனித்துண்டை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அக்கா, இங்க எப்படிப் பனி வந்துச்சு?"

"பனியா? புல்லுடா அது. நல்லாப் பாரு."

வெகுநேரம் பார்த்தான். விரலால் தடவினான். "புல்லுதான் போல" என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டேன்.

பிறகு தினமும் ஒரு துண்டு. பெண்டாட்டி வரும் நாளில் பழையதையே திருப்பி வைத்துவிடுவேன். "இங்கதான் பனி இருந்துச்சு" என்று அவளிடம் புல்லைக் காட்டுவான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

கடைசியில் டாக்டர் இரண்டு ஒயரை நீட்டி நிறம் கேட்டார். பதில் சொல்லுமுன் தம்பி என் முகத்தைப் பார்த்தான். அதோடு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று.

இரண்டாவது பெட்டியை என் பீரோவிலிருந்து அவள் எடுத்துவிட்டாள், வாஸ்தவம். அதை அவன் மடியில் கொட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.

"அப்படியாக்கா?"

"இல்லடா."

நம்பிவிட்டான்.

இன்று காலை, நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட வருமுன், நல்ல மழை. ஜன்னலில் நின்றபடி, "அக்கா, வெளியில பெய்யுறது என்னது?" என்று கேட்டான். இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற பிள்ளையை நான் யாரிடம் ஒப்படைப்பது, சொல்லுங்கள்.