லோஜினியின் எண்ணெயில் பிசைந்த மா

பிள்ளைகள் விளையாடுகிற மாவைக் கொதிதண்ணீரில்தான் பிசைய வேண்டும், மிஸ். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் கையில் ஒட்டும், மறுநாளே புளித்து மணக்கும். கோதுமை மா இரண்டு கோப்பை, உப்பு ஒரு கோப்பை, தேசிக்காய்ப் புளி கொஞ்சம், எண்ணெய் இரண்டு கரண்டி. நிறத்துக்கு மஞ்சளோ பீற்றூட் சாறோ போதும். வாசம் அவரவர் விருப்பம். நான் ஏலக்காயும் பன்னீரும் சேர்ப்பேன். முன்பள்ளி ரீச்சர்மாருக்கு நடந்த பயிற்சியொன்றில் கற்றது இது. உருட்டி, அமுக்கி, மூக்கில் வைத்து மணந்துகொண்டிருந்தால் எவ்வளவு பதறுகிற பிள்ளையும் கொஞ்சநேரத்தில் அடங்கிவிடும்.

பெற்ற தாயைக் கண்டு பிள்ளை ஏன் அப்படிக் கத்தியது என்று விசாரணைக்குக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாவிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு விளங்காது.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் என் வீட்டின் முன்னறையில் சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. பிள்ளைகளும் இல்லை. நான் ஒரு பிள்ளைக்கும் கை நீட்டியதில்லை, அதட்டியதுகூட இல்லை. வேலைக்கு வரும் சனூஸாவைக் கேளுங்கள். அவள் என்னைப் பற்றி உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். ஆனால் அடித்தேன் என்று சொல்லியிருக்கமாட்டாள்.

லோஜினி என்னிடம் முன்பள்ளி படித்தவள், இறக்கக்கண்டிப் பெண். புருஷன் விட்டுப்போனான், தாய் தகப்பனும் இல்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வெளிக்கிட்டபோது மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து, இரவும் பகலும் வைத்துப் பார்க்கச் சொல்லி என் கையில் தந்தாள். கௌசிகாவுக்குச் சத்தம் ஆகாது, மிஸ். மிக்சி போட்டாலே காதைப் பொத்துவாள். என் வீட்டிலோ மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். முதல்நாள் அந்தச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டவள் பொழுதுபடும் வரை வெளியே வரவில்லை.

லோஜினி போகும்போது ஒரு போத்தல் எண்ணெய் தந்துவிட்டுப் போனாள். கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு அவளே காய்ச்சித் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய். அவள் எழும்பிப் போனபிறகும் அந்த மணம் கதிரையில் நிற்கும்.

"ரீச்சர், இவள் என்ட முகத்தை மறந்தாலும் பறவாயில்லை, போனிலை காட்டலாம். மணத்தை மறந்துபோடுவாள் எண்டுதான் பயமாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தலையிலை தேய்ச்சு விடுங்கோ."

"அழாமல் போட்டு வா பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

மாவுக்கு எப்படியும் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயையே ஊற்றிப் பிசைந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கறிவேப்பிலை அரைத்த சாற்றில் பச்சை நிறமும் வந்தது. கையில் கொடுத்ததும் மூக்கில் வைத்தாள். பிறகு கன்னத்தில் வைத்தாள். கப்பல் ஊதியபோது உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது, ஆனால் மேசைக்குக் கீழே ஓடவில்லை. மாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷ வேலையில் நான் செய்த நல்ல காரியம் அதுதான், மிஸ். அதையும் எழுதுங்கள்.

எனக்கும் அவளுக்கும் அப்படித்தான் ஒட்டியது. தலை இழுத்துப் பின்னினேன், சோறு தீத்தினேன், மீனில் முள் பார்த்துக் கொடுத்தேன். ஊருக்குள் திரிகிற மான்கள் கேற்றடியில் வந்து நின்றால் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு பின்னேரம் என் மடியிலேயே உறங்கிப்போனாள். உறக்கத்தில் "அம்மா" என்றாள். "என்ன ராசாத்தி" என்றேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பி, கைக்குள் இருந்த பச்சை மாவை மணந்து மணந்து அழுதாள். அவளை மடியில் வைத்திருந்தவள் நான். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பக்கத்தில் இல்லாத ஒருத்தியை ஒரு பிள்ளை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பது நோய் மாதிரி. அதைத் தணிக்கத்தான் மா செய்தேன். மா அதை வளர்த்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நடந்தது தற்செயல். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, நான் குசினிக்குள் நின்றபோது ஒரு கப்பல் நீளமாக ஊதியது. வந்து பார்க்கிறேன், பச்சை மா மூலையில் கிடக்கிறது. எறிந்திருக்கிறாள். எடுத்து நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனிய நின்று பயந்த நேரத்தில் கையில் அது இருந்தது, அவ்வளவுதான். ஒரு மணத்தோடு பிள்ளைக்கு ஆறுதலைக் கட்டிவிடலாம் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். பயத்தையும் கட்டிவிடலாம் என்பதை அன்று நானாகவே விளங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மூடி போட்ட இரண்டு ரின் வைத்தேன். ஒன்றில் பீற்றூட் சாறும் பன்னீரும் போட்ட ரோஸ் மா, மற்றதில் லோஜினியின் எண்ணெய் மா. கப்பல் ஊதினால் ஓடிப்போய்ப் பச்சையை அவள் கையில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். சத்தம் நின்றதும் உள்ளே போய்ப் பச்சையை வாங்கிவிட்டு, ரோஸைக் கொடுத்து, தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். கழுத்தைக் கட்டிக்கொள்வாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கம் என் கைக்குள்ளேயே மெல்ல மெல்ல அடங்கும். அதற்காகவே அடுத்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் கப்பல் நாம் நினைத்த நேரத்துக்கு வராது. அதனால் சாமான் அறையைப் பாவித்தேன். சின்ன அறை, யன்னல் இல்லை. சுத்தமாகத்தான் வைத்திருந்தேன், பூச்சி பொட்டு ஒன்றும் இல்லை. பச்சை மாவோடு அவளை உள்ளே விட்டு, லைற்றை நூர்த்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று தகரத் தட்டில் அகப்பையால் அடிப்பேன். அதிக நேரமில்லை. கத்தல் உச்சத்துக்குப் போனதும் நிறுத்திவிடுவேன். கதவைத் திறக்கும்போது பன்னீர் தடவிய கையோடு நிற்பேன். பிள்ளை பாய்ந்து வந்து என்னில் ஏறும்.

சனூஸா ஒரு நாள் நேரத்தோடு வந்துவிட்டாள்.

"டீச்சர், புள்ள உள்ளுக்க கெடந்து கத்துது. தொறக்கட்டா?"

"சத்தத்துக்குப் பழக்கிறன் சனூஸா. இது ஒரு பயிற்சி" என்று கதவைத் திறந்தேன்.

"இதென்ன பயிற்சி டீச்சர். பாவம், வாயெல்லாம் நீலம் பாஞ்சி கெடக்கு."

அவளுக்கு இது விளங்காது என்று விட்டுவிட்டேன்.

லோஜினி போனில் கேட்பாள், "ரீச்சர், என்ட எண்ணெய் மணக்குதோ பிள்ளைக்கு?" என்று. "ஓம், ஒவ்வொரு நாளும்" என்பேன். நான் பொய் சொல்லவில்லை. போத்தல் முடிந்தபோது நானே காய்ச்சினேன். முதல் தரம் வெந்தயம் கருகிவிட்டது. அடுத்த தரம் கறிவேப்பிலை போதவில்லை. கடைசியில் அதே மணம் வந்தது. குசினிக்குள் அது காய்ந்துகொண்டிருக்கும்போதே முன்னறையில் கௌசிகா குடித்த பாலை அப்படியே சத்தி எடுத்தாள். அப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷம் முடிந்து போன மாசம் லோஜினி வந்து இறங்கினாள். குவைத்தில் எங்கேயோ தேடிக் கறிவேப்பிலை வாங்கி, எஜமானி வீட்டு அடுப்பில் அந்த எண்ணெயைக் காய்ச்சி, பிளேன் ஏறும் முன் தலை நிறையத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். முகம் தெரியாவிட்டாலும் மணத்திலாவது பிள்ளை தன்னை அறியட்டும் என்று. வீட்டு வாசலில் முழங்காலில் இருந்து இரண்டு கையையும் விரித்தாள். கௌசிகா கிட்டப் போனாள், மிஸ். சிரித்துக்கொண்டேதான் போனாள். தாயின் தலைமுடி முகத்தில் பட்டதும் ஒரு சத்தம் போட்டாள், அப்படியொரு சத்தத்தைச் சாமான் அறையில்கூட நான் கேட்டதில்லை. தாயின் கையைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு வந்து என் சேலைக்குள் ஒளிந்தாள்.

லோஜினி ஒவ்வொரு நாளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கூட்டித் தேய்த்துக்கொண்டு வந்தாள். எனக்கே பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தலையை முழுகிவிட்டு வா பிள்ளை என்று. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கடைசியில் என் காலடியில் இருந்து அழுதாள். "விட்டிட்டுப் போனனான்தானே ரீச்சர். பிள்ளை என்னைத் தண்டிக்குது. என்னைக் கண்டா அவளுக்கு உயிர் போகுது. நான் திரும்பிப் போறன். நீங்களே வச்சிருங்கோ, உங்களைத்தான் அவளுக்குப் பிடிச்சிருக்கு."

நான் அவள் தலையைத் தடவிவிட்டேன். "நீ எங்க இருந்தாலும் தாய்தான் பிள்ளை. போட்டு வா" என்றேன். அந்த எண்ணெய் என் கையில் ஒட்டியது. பிள்ளையைத் தூக்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

குசினி வாசலில் நின்ற சனூஸா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். லோஜினிக்குப் பின்னால் றோட்டுவரை ஓடிப்போய், இரண்டு ரின்னைப் பற்றியும் சாமான் அறையைப் பற்றியும் அவள் சொல்லியதால்தான் இன்று நான் உங்கள் முன்னால் இருக்கிறேன். லோஜினி நேரே உங்களிடம் வந்து முறையிட்டாள். நேற்றுத் தலையை ஒட்ட மொட்டை அடித்து, தேசிக்காய் தேய்த்து முழுகிவிட்டு வந்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். இடுப்பு வரை கிடந்த முடி. சின்னதில் நான்தான் பின்னிவிடுவேன்.

ஓம், மிஸ், தெரிந்துதான் செய்தேன். பெற்ற தாயின் மணத்தைப் பிள்ளைக்குப் பேயாக்கினேன். அவள் என்னைத் தவிர வேறு யாரிடமும் போகக்கூடாது என்பதற்காகவே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன், பேனையைத் தாருங்கள். ஆனால் அவளுக்கு என்னைவிட ஆறுதல் தந்தவர் யாருமில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பக்கத்து அறையில் லோஜினியும் பிள்ளையும்தானே இருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் சத்தமில்லை, இப்போதுதான் கேட்கிறது. கதவைத் திறவுங்கள், நான் போகவேண்டும். சிரிக்கிறாள் என்றா சொல்கிறீர்கள்? இல்லை மிஸ், அது அழுகை. நீங்கள் அவளை இன்றைக்குத்தான் பார்க்கிறீர்கள். அந்தப் பிள்ளை அழுவதை என்னளவு கேட்டவர் இந்த உலகத்தில் யாருமில்லை.