3A மாடியின் அம்பு

இன்ஸ்பெக்டர் துவான், நான் இங்கே உட்கார்ந்த அரை மணி நேரத்தில் கழிப்பறை எங்கே என்று மூன்று பேர் உங்களிடம் கேட்டுவிட்டார்கள். அந்தக் கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக நான் வழிகாட்டிப் பலகைகள் செய்வது இந்த ஜனங்களுக்குத்தான்.

பினாங்கில் கடலைப் பார்த்த அந்த முப்பது மாடிக் குடியிருப்பின் எல்லாப் பலகைகளும் என் வடிவமைப்பு. எழுத்தின் தடிமனுக்கே மூன்று வாரம் செலவழித்தேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் கோர் பார்வையிட வந்தார்.

"என்ன பாஸ், நாலுன்னு போட்டிருக்கே? என் வீடே அந்த மாடியிலதான். 3A-ன்னு மாத்து."

"மாத்திடறேன். படிக்கட்டுக்கு வழி காட்டற பலகையையும் ஒருதரம் பாருங்க."

"அத எவன் படிக்கிறான்? லிஃப்ட் இருக்கு, பட்டன் இருக்கு. தங்கக் கலர்ல பளபளன்னு இருந்தாப் போதும். நீ என்ன புத்தகமா எழுதற?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீனத்தில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும்; நாலாம் எண்ணை ஒளித்துவிட்டால் சாவு மாடி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். எண்ணுக்குப் பயப்படுகிறவர்கள் அம்பைப் பார்ப்பார்களா என்று அறிய விரும்பினேன். பாதுகாப்புச் சான்றிதழ் வந்த மறுநாள், 3A மாடியில் மட்டும் அவசர வழிப் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினேன். படிக்கட்டு வலப்பக்கம். என் அம்பு இடப்பக்கம், குழாய்கள் ஏறும் சிறிய அறையைக் காட்டியது. அதன் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே கைப்பிடி கிடையாது.

பதினொரு மாதம், மாதம் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஒரு புகார் இல்லை. ஒருநாள் கோர் அந்தத் தங்கப் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் போனபோது, இந்தோனேசியாவிலிருந்து அவர் வீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருந்த சுலாஸ்திரி, பலகையைத் துடைத்தபடி எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, தீ புடிச்சா இந்தப் பக்கந்தானே ஓடணும்? முதலாளியம்மாவக் கேட்டா, வேலையப் பாருங்கறாங்க."

"பலகையில இருக்கிறபடிதாம்மா."

சோதனைக்கு ஒரு வருடம் என்று வைத்திருந்தேன். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. நடுவில் கலைப்பது முறையல்ல.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மின்சார அறையில் தீப்பிடித்தது. லிஃப்ட் நின்றது, புகை ஏறியது. படிக்கட்டில் சிகரெட் பிடிக்க ஒதுங்கும் பழக்கத்தில் கோர் வலப்பக்கம் ஓடினார். மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்து ஓடினார்கள். என் பலகையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள்.

சுலாஸ்திரியைக் குழாய் அறையில் கண்டெடுத்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

மாட்டியது நான். தெரிந்தேதான் மாட்டினேன். அவள் கேட்டபோதும் தெரிந்தேதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் படிப்பதில்லை என்று நான் நிரூபித்ததையும் சேர்த்து எழுதுங்கள், துவான். ஒரு மாடி ஜனத்தில் ஒருத்தி என்பது கணக்கில் வராது.