இல்லாத விரலில் குடிவந்தவள்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருத்தி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், மடியில் கைக்குழந்தை. திரி முறுக்கிய சுட்டுவிரலை வெடியில் இழந்தவள். மற்றவர் வெள்ளைச்சேலை கட்டிய நர்ஸ்.

"போன விரலு இன்னமும் அரிக்கிது சிஸ்டர். கன்னத்தச் சொறிஞ்சா அடங்குது. புத்தி பிசகிருச்சுன்னு மாமியா சொல்றாக."

"புத்தி நல்லாத்தான் இருக்கு. மூளையில விரலுக்கும் முகத்துக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் வீடு காலியானதும் முகத்துக்காரி அங்கன குடிவந்திருப்பா."

"அவளக் கிளப்ப மருந்து இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

குழந்தை எட்டி அவள் கன்னத்தில் எச்சில் முத்தம் வைத்தது. அவள் விரல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"போன விரல்லயும் படுது சிஸ்டர். அவ இருந்துட்டுப் போகட்டும்."