பொர்தோவும் சுவரொட்டியும்

மீன் குழம்போடு சிவப்பு ஒயின் குடிக்கக் கூடாது ஐயா. வாயில் ஆணியைப் போட்டுச் சப்பியதுபோல இருக்கும். புளி சேர்ந்தாலும் கெட்டுவிடும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி, மிளகு, உப்பு, அவ்வளவுதான் அதற்குப் பிடிக்கும். பந்தல்குடிக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுதானே உங்கள் ஏட்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பாண்டிச்சேரியில் ஒரு மதாம் வீட்டில் சமையலுக்கு இருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரின் விதவை. பொர்தோ ஒயின் இல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல நாக்கு வறண்டுபோனது. "கறியத் தின்னுட்டு இன்னொரு வாய் குடிச்சிப் பாரு, ஞானப்பூ" என்றார். குடித்தேன். வறட்சி போய்ப் பழவாசனை வந்தது. அடடா, இதற்குத்தானா இந்தப் பாடு என்று தோன்றியது.

ஏன் அங்கே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் செல்வதுரை லாரி ஓட்டியவர். எண்பத்தாறில் ஒரு நாள் சாராயம் குடித்துவிட்டு வந்து என் வயிற்றில் உதைத்தார். உள்ளே ஏழு மாதப் பிள்ளை இருந்தது. பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

சில வருஷம் கழித்து, எங்கள் சபைப் போதகரைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். ஈரல் கெட்டுவிட்டதாம். இனி ஒரு மடக்கு உள்ளே போனாலும் பிழைக்கமாட்டாய் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டாராம். முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணிக் குடியை விட்டுவிட்டார். நம்பித்தான் திரும்பினேன். மதாம் ஆசையாகக் கொடுத்த ஒயினும் துணிமூட்டைக்குள் வந்தது.

குடியை நிஜமாகவே விட்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அருப்புக்கோட்டை, காரியாபட்டி, எங்கே கன்வென்ஷன் கூட்டம் நடந்தாலும் மேடையேறிச் சாட்சி சொல்வார். "எம் பிள்ளைய நானே கொன்ன பாவி. கர்த்தர் என்னைய மன்னிச்சிட்டாரு." கீழே உட்கார்ந்திருக்கும் என்னைக் கைகாட்டுவார். கூட்டம் அழும். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ குடுத்துவச்சவ" என்பார்கள். கர்த்தர் மன்னித்தார், போதகர் மன்னித்தார், ஊரே மன்னித்தது. சுமந்தவள் நான். என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது ஐயா. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், வேறொன்றும் எனக்கு வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுவரொட்டி வாங்கினேன். ரத்தம் ஊறுமென்று நோயாளிக்குக் கொடுப்பார்களே, அந்த ஆட்டு மண்ணீரல். மிளகு போட்டு வதக்கினேன். நம் ஊர் வெக்கைக்கு ஒயின் தாங்காது. பாட்டிலைத் தண்ணீர்ப்பானைக்கு அடியில் ஈரமணலில் புதைத்து வைத்திருந்தேன். திறந்து, கொஞ்சநேரம் காற்றாட விட்டு, டம்ளரில் ஊற்றினேன்.

"என்ன புள்ள இது?"

"திருவிருந்துல போதகரய்யா குடுக்காகல்ல, அதுதான். இது ஒசத்தி."

"சாராயமில்லியே?"

"கர்த்தரோட ரத்தத்தப் போயி சாராயங்கிறீகளே."

சாராயம், பிராந்தி என்றால் செத்தாலும் தொட்டிருக்கமாட்டார். ஆனால் ஆராதனையில் கர்த்தரின் ரத்தமென்று கொடுக்கும் ஒயினைக் குடியென்று எங்கள் சபையில் யாரும் நினைப்பதில்லை. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குடித்தார்.

"கறிக்கு எடுப்பா இருக்கு புள்ள" என்றார். என் சமையலை அவர் மெச்சியது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு, அவரோடு முன்பு லாரி ஓட்டிய மாரிச்சாமி அண்ணன் பாண்டிச்சேரிக்கு லோடு போகும்போதெல்லாம் ஒயின் வாங்கி வந்தார். மருந்து என்று சொல்லியிருந்தேன், அவர்மேல் தப்பில்லை. தலைக்கறி, நெஞ்செலும்பு, குடல் என்று எது சேரும், எது சேராது என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். கருவாடு வைத்த நாளில் ஊற்றவே மாட்டேன். விஷம் வைத்தாயா என்கிறீர்கள். என் கையால் ஒரு பொட்டு விஷம் வைத்ததில்லை.

கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. அப்போதும் மேடையேறினார். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ரத்தமாக வாந்தி எடுத்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வாசலில் தூத்துக்குடி ரோடு. கை காட்டியிருந்தால் எந்த லாரியும் நின்றிருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞானப்பூ, நம்ம பிள்ளைக்கி நான் செஞ்சத... நீ என்னைய மன்னிப்பியா?"

கேட்டேவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மன்னிச்சிட்டேங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன் ஐயா.

சொல்லிவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்ததை அவர் வாயில் ஊற்றினேன்.