புல் முளைத்த இரும்புத்தூள்

என் பெயர் தங்கப்பழம், வயது 38, தகப்பனார் பெயர் சுடலைமணி. சங்கரன்கோவில் கரிவலம்வந்தநல்லூர் சாலையில் குடியிருக்கிறேன். அதே சாலையிலுள்ள உருண்டைத் தொழிற்சாலையில் லோடர் வண்டி ஓட்டுகிறேன். துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் கழிவு இரும்புத்தாதுத் தூளை நீர் விட்டு உருட்டி, சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் ஆலைக்கு அனுப்புவது அங்கே தொழில்.

போன மாதம், எங்கள் உருண்டைகள் உலையில் உதிர்கின்றன, மண் கலந்திருக்கிறது என்று ஆலைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பின்பக்கக் குவியலை நான் அள்ளும்போது நல்லபாம்பு ஒன்று வெளியே வந்தது. வண்டியை நிறுத்தினேன். உடன் வேலை பார்க்கும் மாரித்தாய், "அம்மன் கோயில் சீவன்லா, புத்துமண்ணத் தூவிட்டு அள்ளுங்கண்ணே" என்று முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தைக் கொடுத்தார். எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் செய்வதுதான். ஒரு சிட்டிகை தூவினேன். பாம்பு வேலிப்பக்கம் போய்விட்டது.

அதன் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. இரும்புத்தூளில் நான் பாம்பைக் கண்டதே இல்லை. சுற்றிப்போய்ப் பார்த்தால், குவியலின் பின்புறம் பசேலென்று புல் முளைத்திருந்தது. கிளறிப் பார்த்தேன். மேலே மட்டும் தூள், உள்ளே செம்மண். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுப்பு கொடுத்துவிட்டு வேறு ஆளை வைத்து வண்டி ஓட்டியது எதற்கென்று அப்போதுதான் யோசித்தேன்.

மேலாளர் ஆவுடையப்பனிடம் சொன்னேன். அவர் புல்லைப் பார்க்க எழுந்துகூட வரவில்லை. "ஏலே, பொரட்டி அடியில தள்ளு. எவன்ட்டயும் வாயத் தொறக்காத" என்றார். மாட்டேன் என்றேன். மறுநாள், தூளைத் திருடி விற்றுவிட்டு மண்ணைக் கலந்தது நான்தான் என்றும், மண் போடுவது கேமராவில் இருக்கிறது என்றும் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

கேமராவில் இருப்பது நான்தான். போட்டது கோவில் புற்றுமண். ஒரு சிட்டிகை மண்ணில் ஒரு லாரிச் சரக்கு கெடுமாம். கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும். திருடன் என்று பெயர் விழுந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் எவனும் என்னை நம்பி வண்டி தரமாட்டான்.

மீதிப் புற்றுமண்ணைப் பொட்டலத்தோடு ஒப்படைக்கிறேன். தாங்கள் வந்து பார்க்கும்வரை அந்தக் குவியலுக்குக் காவல் போட வேண்டும். லோடர் சாவி நேற்றிலிருந்து மேலாளர் கையில் இருக்கிறது.

நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டக் கேட்டேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒம்) தங்கப்பழம்